தாத்தா மடியில் இருக்கும் குழந்தை: பழைய போட்டோவை ஸ்கிராப் புக்கில் ஒட்டுவது பற்றி

கேள்வி (4 பிப்ரவரி 2024)

அம்மா தவறிய பிறகு பீரோவிலிருந்து இரண்டு ஆல்பமும் ஒரு பிஸ்கட் டின் நிறைய போட்டோவும் கிடைத்தன. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதாதா? ஸ்கிராப் புக் (ஒட்டுப் புத்தகம்) என்று போட்டோவோடு பூவும் ரிப்பனும் ஒட்டுவது வெட்டிச் செலவு என்பது என் எண்ணம். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

என் பதில் (4 பிப்ரவரி, இரவு; இதற்குக் கீழே வருவதெல்லாமும் நான் எழுதியதுதான்)

பூவும் ரிப்பனும் வெட்டிச் செலவுதான், அதில் சண்டை இல்லை. போனில் இருந்தால் போதும் என்கிறீர்களே, அதில்தான் சண்டை.

என் போனில் பதினோராயிரம் படம் கிடக்கிறது. போன வருஷத்துப் படத்தைக்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. கூடத்து ஸ்டூல் மேல் கிடக்கும் ஒட்டுப் புத்தகத்தை மட்டும் வீட்டுக்கு வருகிற ஒருவர் விடாமல் புரட்டுகிறார்கள். போன மாசம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், சில்லறை எடுக்க நான் உள்ளே போன நேரத்தில் அதைப் பார்த்திருக்கிறார். 1974 கல்யாணப் படம் ஒன்றில் பின் வரிசையில் நிற்பவரைக் காட்டி, "இவர் எங்க ஊர் ஹெட்மாஸ்டராச்சே" என்றார். ஐம்பது வருஷமாக எங்களுக்குப் பெயர் தெரியாத ஆள்!

இன்னொன்று. போனில் எடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும்தான் எடுப்பீர்கள். விஷயம் பாதி பின்பக்கத்தில் இருக்கும்.

6 பிப்ரவரி

முதலில் ஆல்பம் எந்த வகை என்று பாருங்கள். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசைக்கோடு போட்ட அட்டையில் போட்டோவை அமுக்கி மூடுவது என்றால் அதைத்தான் அவசரமாகக் காலி பண்ண வேண்டும். மேக்னெட்டிக் ஆல்பம் என்று விற்றார்கள். காந்தம் எங்கேயும் கிடையாது. எழுபது, எண்பதுகளில் கல்யாணப் பரிசாக வீட்டுக்கு நாலு வந்து சேரும். அந்தப் பசை வருஷம் ஆக ஆகப் பழுத்து, கோடு கோடாகப் போட்டோவின் முதுகில் ஏறும். மேலே மூடும் தாள் பிவிசியாக இருந்தால் அது வேறு அமில ஆவி விடும். திறந்ததும் புது ரெக்சின் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம், பிவிசிதான்.

பிய்த்து எடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் பல் இடுக்கில் விடும் நூல், டென்டல் ஃபிளாஸ் என்று கேட்டால் தருவார்கள். மெழுகு பூசாததாக வாங்குங்கள். போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தால் கழன்று வரும். நான் முதலில் சிக்கனம் பார்த்துத் தையல் நூலால் செய்தேன். பாதியில் அறுந்து, அம்மாவின் வளைகாப்புப் படத்தில் ஒரு வளையல் கையோடு போயிற்று.

எவ்வளவு இழுத்தும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அட்டையோடு சேர்த்து ஸ்கேன் பண்ணிக்கொள்ளலாம்.

6 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

பிரேம் போட்ட படம் கண்ணாடியில் ஒட்டிப் போயிருந்தாலும் இதே கதைதான். உரிக்கக் கூடாது, தண்ணீரில் போடவும் கூடாது. கண்ணாடியோடு ஸ்கேன். கண்ணாடியில் அப்பியிருக்கும் சந்தனம் குங்குமத்தை மட்டும் முதலில் துடைத்துவிடுங்கள். எங்கள் ஆச்சி படத்தில் குங்குமம் நெற்றியை விட்டு இறங்கி மூக்கு நுனியில் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் வைத்தவர்களுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

9 பிப்ரவரி

என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2009ல் நான் முதல் ஸ்கிராப் புக் செய்தேன். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு புத்தகமும், ஓரத்தை வளைவு வளைவாக வெட்டும் கத்தரியும் வாங்கி வந்தார். கத்தரி கையில் வந்தால் சும்மா இருக்குமா? தாத்தாவின் ரங்கூன் படத்தை முட்டை வடிவத்தில் வெட்டினேன்.

அது போஸ்ட்கார்டு தாளில் போட்ட படம், மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம், சாம்பல் நிற அட்டையில் ஒட்டியது. தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் இரண்டு வயசுக் குழந்தை: கவுன், நெற்றியில் திலகம், தலையில் கனகாம்பரமோ என்னவோ ஒரு பூ. பின்னால் படுதாவில் தூணும் மாடிப்படியும். அட்டையின் வலது கீழ் மூலையில் ஸ்டூடியோ பெயரை மை இல்லாமல் அச்சு அழுத்தியிருந்தார்கள். விரலால் தடவினால்தான் தெரியும். அதைத் தடவிப் பார்க்காமலே வெட்டினேன். இப்போது மிச்சம் இருப்பது ரங்கூன் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி நாலு எழுத்து. ஸ்டூடியோ, தெரு எல்லாம் குப்பையோடு போயிற்று.

அடியில் வெள்ளி நிறப் பேனாவால் "தாத்தா, பெரியப்பா, ரங்கூன் 1939" என்று எழுதினேன். 1939 எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பெரியப்பா பிறந்தது 1937, படத்துக் குழந்தைக்கு இரண்டு வயசு, கூட்டிப் போட்டேன்.

அதனால் முதல் விதி: மூலப் படத்தில் கத்தரி படக்கூடாது. நகல் எடுத்து, நகலை ஒட்டுங்கள். வளைவுக் கத்தரியோடு நகலிடம் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

10 பிப்ரவரி

ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தார்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் என்றால் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. பாஸ்போர்ட் அளவு, போஸ்ட்கார்டு அளவு என்றால் 1200. தரம் குறையாத டிஃப் கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, அனுப்புவதற்குச் சுருக்கிய ஜேபெக். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள், வெறுமையாக இருந்தாலும்.

17 பிப்ரவரி

பசை. இதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். பத்து வருஷத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்து, பழுப்புக் கறை மட்டும் நிற்கும். மர வேலைக்கான வெள்ளைப் பசையும் வேண்டாம். ஒட்டினால் ஒட்டினதுதான், திரும்ப எடுக்க முடியாது.

என் அப்பா மைதாப் பசைக்காரர். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்து அடுக்கி வீட்டிலேயே பைண்டு செய்வார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். நாங்கள் தொட்டால் அடி விழும், விஷம் என்று. கோதுமை மாவுப் பசைதான் நல்லது என்று ஆவணக் காப்பகத்து ஆட்களும் சொல்கிறார்கள் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். சரிதான், ஆனால் அவர்கள் எடுப்பது புரதத்தை நீக்கிச் சுத்தம் செய்த கோதுமை ஸ்டார்ச். நம் வீட்டு மைதா அது இல்லை. அப்பா பைண்டு செய்த புத்தகங்களில் இராமபாணப் பூச்சி துளைத்த வழி இப்போதும் இருக்கிறது, மயில்துத்தத்தையும் மீறி.

ஒட்டாமலே நிறுத்துவதுதான் நல்லது. அந்தக் காலத்துக் கறுப்புத் தாள் ஆல்பத்தில் போட்டோவின் நாலு மூலையையும் முக்கோணக் காகிதத்தில் செருகியிருப்பார்கள், நடுவில் சிலந்திவலை அச்சிட்ட பட்டர் பேப்பர். அந்த மூலைகள் இப்போதும் கிடைக்கின்றன. பசை மூலையின் முதுகில்தான் இருக்கும், போட்டோவைத் தொடாது. எந்த நேரமும் உருவி, பின்னால் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகலாம். கேஸ் சிலிண்டர்காரர் மறுபடி வந்தால் பெயரைக் கேட்டு எழுதிவிட்டுச் செருகுவேன்.

தாள் வாங்கும்போது ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாதது) என்பதோடு லிக்னின் (மரக்கூழில் இருக்கும் ஒரு பொருள்) இல்லை என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். செய்தித்தாள் பழுப்பாவது அந்த லிக்னினால்தான். போட்டோ ஆக்டிவிட்டி டெஸ்ட், ஐஎஸ்ஓ 18916 என்று இருந்தால் இன்னும் நல்லது. போட்டோவை அந்தப் பொருள் கெடுக்குமா என்று பார்க்கும் சோதனை அது. உறை என்றால் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர்.

17 பிப்ரவரி, பிற்சேர்க்கை

ஒரு வேடிக்கை. பக்கத்திலேயே பசை தடவி வந்த ஸ்கிராப் புக்குக்கு 1873லேயே அமெரிக்காவில் பேட்டன்ட் இருக்கிறது. வாங்கியவர் மார்க் ட்வைன், ஆமாம், அந்த எழுத்தாளர்தான். ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். நம் மேக்னெட்டிக் ஆல்பத்தின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். கதை எழுதுகிறவர் கையில் பசை ஆகாது என்பார் என் அப்பா. அவர் சொன்னது வேறு அர்த்தத்தில்.

2 மார்ச்

பின்பக்கம் எழுதுவது பற்றி: பால் பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைத் தாளில் மென்மையான பென்சில் போதும். எழுபதுகளுக்குப் பிறகு வந்த வழவழப்பான தாளில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் ஏறாது. அதற்குப் பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை) பேனா. மை காயும்வரை ஒன்றின் மேல் ஒன்றை அடுக்காதீர்கள். என் தங்கையின் முதல் பிறந்தநாள் விவரம் என் மாமனார் நெற்றியில் தலைகீழாக இருக்கிறது.

கலர் படம் சிவந்து போவதற்கு வெயில்தான் காரணம் என்று ஒருவர் சொன்னார். வெயில் கெடுக்கும், உண்மை. ஆனால் எழுபதுகளின் கலர் படங்கள் இருட்டில் வைத்தாலும் சிவக்கும். அதில் இருக்கும் நீலப்பச்சைச் சாயம் தானாகவே மங்குகிற ஜாதி. அது போனால் மிச்சம் சிவப்புதான். என் சடங்குப் படத்தை ஸ்டூடியோவில் கண்ணாடி முன் நிறுத்தி, முன்னால் முகம், கண்ணாடியில் பூத்தைத்த ஜடை என்று எடுத்தார்கள். பச்சைப் பட்டுப் பாவாடை. பேத்தியிடம் காட்டினால் "ஏன் ஆச்சி எல்லாமே ரோஸ்மில்க் கலர்ல இருக்கு?" என்கிறாள். ஆல்பத்தை விட்டு வெளியே வராத படம் அது.

19 மார்ச்

மேலே எழுதிய ரங்கூன் படத்தை யாரோ என் சித்தப்பா மகனுக்குக் காட்டிவிட்டார்கள். அவன் கூப்பிட்டு, "அது பெரியப்பா இல்லை, அத்தை. கவுனும் பூவும் கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்றான்.

தெரிகிறது. ஆனால் மொட்டை அடிப்பதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குச் சிண்டு முடிந்து, பூ வைத்து, பாவாடை கட்டிப் படம் எடுப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். என் தம்பியின் அப்படிப்பட்ட படத்தை அவன் கல்யாணத்தன்று பெண் வீட்டாருக்குக் காட்டிய புண்ணியவதி நான்.

அத்தைக்கு 85 வயசு, காரைக்குடியில் இருக்கிறார். நினைவெல்லாம் தெளிவு. போய்க் கேட்கப் போகிறேன்.

24 மார்ச்

அத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை: "நான்தான்."

எனவே திருத்தம். 2009 பக்கத்தில் பெரியப்பா என்பதை அடித்துவிட்டு அத்தை என்று எழுதப் பார்த்தேன். அத்தை பிறந்தது 1939, ஆகவே படம் 1941. வெள்ளிப் பேனா எழுத்தை அடிக்க முடியவில்லை, கறுப்பு மையை விழுங்கிவிட்டது. மேலே அத்தை என்று எழுதி ஒரு சீட்டு ஒட்டினேன்.

போனதற்கு வேறு லாபம் உண்டு. போனை ரெக்கார்டில் போட்டு வைத்துக்கொண்டு படம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "ரங்கூன் பற்றிச் சொல்லுங்கள்" என்று வெறுமனே கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்பார். படத்தைக் கையில் கொடுத்தால் நிறுத்த முடியவில்லை. தாத்தா அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு ஆச்சியையும் இரண்டு பிள்ளைகளையும் எப்படியோ மதராஸ் கப்பலில் ஏற்றிவிட்டு, அவர் பிறகு பர்மாவின் மேற்கே இருக்கும் அரக்கான் வழியாக நடந்து வந்தார். வந்து சேர்ந்தபோது அவரை வாசலில் பார்த்துப் பிச்சைக்காரர் என்று நினைத்து ஆச்சி சோறு கொண்டு வந்தாராம். இதை எந்தப் போட்டோவும் சொல்லாது. எழுதி, படத்துக்குப் பக்கத்தில் அதே பக்கத்தில் வைத்தேன்.

11 ஏப்ரல்

தனியாக ஒரு கேள்வி வந்தது: கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பேப்பரில் வந்த நினைவஞ்சலி இதையெல்லாம் சேர்க்கலாமா? தாராளமாக. ஆனால் போட்டோவோடு முகத்துக்கு முகம் படக்கூடாது. செய்தித்தாள் துண்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். மூலத்தைத் தனி உறையில் போடுங்கள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை பக்கத்திலிருக்கும் படத்துக்கும் மஞ்சள் தடவிவிடும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கும், மூடி வைத்தால் அப்படியே இருக்கும்.

வைக்கும் இடம்: பரணில் வேண்டாம், அடுப்படிக்குப் பக்கம் வேண்டாம், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். மரப்பெட்டியை விட இரும்பு பீரோ மேல். காற்றில் ஈரம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நான் சேர்த்து வைத்துப் போடுகிறேன். பாச்சை உருண்டையைப் போட்டோவோடு போடாதீர்கள்.

3 டிசம்பர்

மழை. சென்னைத் தோழி ஒருத்தி நினைவு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் அவள் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. ஆல்பங்களை அப்படியே வெயிலில் அடுக்கிக் காயவைத்தாள். காய்ந்ததும் எல்லாம் ஒரே செங்கல். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் பரத்தியிருக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் நல்ல தண்ணீரிலேயே ஓரிரண்டு நாள் போட்டு வைக்கலாம், அதற்கும் நேரமில்லாவிட்டால் கவரில் போட்டு ஃப்ரீசரில். அன்று கரன்ட்டே இல்லை, ஃப்ரீசருக்கு எங்கே போவது என்றாள். நியாயம்தான்.

மேல்மாடியில் அவள் மாமியாரின் பீரோவில் இருந்த ஆறு படம் தப்பியது. முதல் நாள் இங்கே கேள்வி கேட்டவருக்கு இதையும் சொல்கிறேன்: ஒட்டுப் புத்தகம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில்.

12 ஜனவரி 2025

மார்ச் 24ல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பொங்கல் வேலைக்கு நடுவில் ரங்கூன் படத்தை 1200ல் புதிதாக ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தையின் இடது காதில் கடுக்கனோ கம்மலோ, வெள்ளையாக ஒரு புள்ளி. தூசி என்று நினைத்து ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். புள்ளி போகவில்லை.

அத்தையைக் கூப்பிட்டேன். "காதா? எனக்கும் அண்ணனுக்கும் கப்பல்ல வந்து இறங்கினப்புறம்தான் கோயில்ல வச்சு ஒரே நாள்ல குத்தினாங்க. தாய்மாமன் மடியில உட்கார வச்சு. நான் அழுததுல அண்ணன் ஓடிப்போய்க் குதிரைச் சிலைக்குப் பின்னால ஒளிஞ்சான்." சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "அப்ப அது நானில்லையே."

பெரியப்பாவும் இல்லை. ரங்கூனில் பிறந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

13 ஜனவரி

"ஆச்சிக்குத் தெரியாமல் தாத்தாவுக்கு அங்கே..." என்று ஆரம்பித்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, எங்கள் குடும்பத்திலும் அதைத்தான் முதலில் யோசித்தோம். அந்தக் காலத்தில் பர்மா போனவர்கள் பற்றி அப்படி ஊருக்கு ஊர் கதை உண்டு. அத்தை நேற்று இரவு சாப்பிடவில்லை என்று அவர் மருமகள் சொன்னாள். நான் ஸ்கேனரைத் தொட்டிருக்கவே வேண்டாமோ என்று தோன்றுகிறது.

2 பிப்ரவரி

மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் இன்னொரு சித்தப்பா வீட்டில் இதே படத்தின் வேறு பிரதி இருக்கிறது! வெட்டாத அட்டையோடு. தாத்தா ஊருக்கு அனுப்பியதில் ஒன்று அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. நான் கெஞ்சிக் கேட்டதால் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பினார்கள் (வழக்கம்போல் வாட்ஸ்அப்பில் போட்டோவாக, திருப்பி டாக்குமென்ட்டாக வாங்கினேன்). கட்டைப் பேனாவில் தாத்தாவின் சாய்வெழுத்து:

"க்ஷேமம். என்னுடன் இருப்பது மேல்வீட்டு நாயுடு குழந்தை. ஸ்டூடியோவுக்கு நானும் வருவேன் என்று அழுதது."

தேதி இல்லை. அந்த ஒரு வரியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து இருமல் வந்துவிட்டது. சாப்பிட்டாராம்.

9 பிப்ரவரி

பக்கத்தை மாற்றிச் செய்தாயிற்று. ஈப்போப் பிரதியின் நகலை முழு அட்டையோடு, ஒட்டாமல், மூலையில் செருகியிருக்கிறேன், ஸ்டூடியோ பெயர் தெரிய. பக்கத்தில் பின்பக்கத்து எழுத்தின் நகல். நான் முட்டையாக வெட்டியது கீழே ஒரு உறையில். பெரியப்பா என்ற வெள்ளி எழுத்தையும், அத்தை என்ற சீட்டையும் எடுக்கவில்லை. சீட்டின் மேல் இன்னொரு சீட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். 1939 என்பதற்கும் 1941 என்பதற்கும் பக்கத்தில் பென்சிலால் ஆளுக்கொரு கேள்விக்குறி.

அத்தைக்கு இப்போது வேறு குறை. "அப்ப ரங்கூன்ல எடுத்த என் படம் ஒண்ணுகூட இல்லையா?" என்று தினமும் போன் பண்ணுகிறார். பிஸ்கட் டின்னில் அடி வரை பார்த்துவிட்டேன். ஈப்போக்காரர்களிடம் மறுபடி கேட்டிருக்கிறேன்; இந்த முறை, இரண்டு பக்கமும்.